ஆள் சரியாக இருக்கிறது

கொஞ்சம் இப்படித் திரும்புங்கள் ம்மா. முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். பக்கத்தில் வந்து உட்கார்கிறவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பது. சரி. கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், மூக்கில் சின்னக் கல். தமிழ்தானே? நல்லது. இனி நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தாதியா? அப்படியானால் மனிதர்கள் புலம்புவதைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள்.

அதோ முன்னால், மூன்றாவது வரிசையில் ஊதாக் குல்லாய் தெரிகிறதா? அவர்தான் என் வீட்டுக்காரர், அமிர்தலிங்கம். ஈப்போவில் இரும்பு வார்க்கும் பட்டறையில் இருந்தார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். பிள்ளைகளுக்குப் பேசிப் பேசி நாக்கு இதற்கே பழகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். 'இது இலவச டிக்கெட், மக்சிக், இடம் கேட்கக்கூடாது' என்று கவுண்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டாள். மக்சிக் என்றால் அவர்கள் மொழியில் அத்தை. அத்தை என்று கூப்பிடுவார்கள், மரியாதையெல்லாம் அந்த ஒரு சொல்லோடு சரி.

இலவச டிக்கெட் ஏன் என்று கேட்க மாட்டீர்களா? கேளுங்கள். இதே பஸ் கம்பெனி செய்த அநியாயத்துக்கு நட்ட ஈடு. என்னிடமிருந்து எடுத்ததற்கு இவர்கள் கொடுத்தது இந்த இரண்டு டிக்கெட்.

போன வருடம் மகள் தமயந்திக்குச் சிங்கப்பூரில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. பார்த்துவிட்டு வரப் போயிருந்தோம். ஒரு வாரம் இருந்தோம். அந்த ஒரு வாரத்தில் இவர் குழந்தையை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. 'தாத்தாகிட்ட போறியா' என்று தமயந்தி நீட்டுவாள். இவர் உடனே, 'கை கழுவிட்டு வந்துர்றேன்' என்று போவார். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை தூங்கிய பிறகுதான் வெளியே வருவார். கடைசி நாள் தமயந்தி என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய் அழுதாள். "அப்பாவுக்கு எம்பிள்ளையப் பிடிக்கலையாம்மா?" என்றாள்.

பவானியைப் பற்றி உங்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும். பவானி எங்கள் சின்ன மகள். ஈப்போவைச் சுற்றி ஈயம் தோண்டிய குட்டைகள் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். பச்சைத் தண்ணீர், அசையவே அசையாது. தூரத்திலிருந்து பார்த்தால் வானத்தை அறுத்துப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கிறேன் என்று அவளைக் கூட்டிப்போனார். தூண்டிலுக்கு மண்புழு தோண்டக் குனிந்திருக்கிறார். நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை. அவ்வளவுதான். சத்தம்கூடக் கேட்கவில்லையாம். அந்தக் குட்டைகளில் கரை என்று ஒன்று கிடையாது ம்மா. கால் வைத்தால் நேரே ஆழம்தான்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு வார்த்தை நான் அவரைக் குறை சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். அவள் படத்தைக்கூட அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், அவர் கண்ணில் படக்கூடாது என்று. அவள் பெயரை அவர் காதுபட நான் சொன்னதில்லை. அவர் எப்போதாவது, 'இன்னிக்கு அவளுக்கு...' என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். அப்படிப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டேன். வேறொருத்தியாக இருந்தால் கத்தியிருப்பாள், மாரில் அடித்துக்கொண்டிருப்பாள். நான் சோறு போட்டேன், துணி துவைத்தேன், பேசாமல் இருந்தேன்.

தமயந்தி அழுததைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். சொல்லிவிட வேண்டும். 'அது உங்கள் தப்பில்லை.' இந்த மூன்று சொல்தான். பெரிய காவியமா? ஆனால் மறுநாள் வண்டி ஏறியதிலிருந்து அதை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்றெல்லாம். 'அது' என்று தொடங்கலாமா, 'பவானி' என்று தொடங்கலாமா? முகம் பார்த்துச் சொல்கிற சங்கதியா அது? மலேசியப் பக்கம் போனதும் சொல்லலாம், நம் மண்ணில் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன்.

எல்லை தாண்டியதும் ஜொகூர் சோதனைச்சாவடியில் எல்லாரையும் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதானே. நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாகப் போனால் யாராவது ஒருவர் முன்னால் ஓடிப்போய் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பின்னால் வருவார். இல்லையென்றால் டிரைவர் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வீட்டில் ஓடுகிறவள் எப்போதும் நான்தான். ஏனென்றால் இவருக்குக் கட்டைவிரல் ரேகை இல்லை. பட்டறையில் தேய்ந்துபோயிற்று. மெஷினில் விரலை வைத்தால் அது சிவப்பு விளக்குப் போடும். திரும்ப வைப்பார், திரும்பச் சிவப்பு. கடைசியில் ஆள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்குப் போ என்று துரத்துவார்கள். நான் இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவர் வரிசையின் வாலில் நின்று கையை ஆட்டினார். போ, போ, வண்டியைப் பிடி என்று.

பிடித்தேன். போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். மழை கொட்டத் தொடங்கியது. பட்டப்பகலில் திரையெல்லாம் இழுத்துவிட்டு வண்டிக்குள் இருட்டாகக் கிடந்தது. மேலிருந்து குளிர்க்காற்று நேரே தலையில் இறங்கியது. அதை மூடித் தொலைக்கும் திருகு உடைந்திருந்தது, அதையும் புகாரில் சேர்த்திருக்கிறேன். சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து இருக்கை அழுந்தியது. நனைந்த சட்டையின் வாசம் வந்தது.

"வந்தாச்சா?" என்றேன்.

"ம்."

அதுதான் ம்மா. அந்த 'ம்'. இவர் குரல் இல்லை என்று அந்த ஒரு எழுத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களால் முடியுமா?

டிரைவர் தலை எண்ணிக்கொண்டு போனார். 'சுக்கூப்' என்றார். போதும், ஆள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டி நகர்ந்தது. நான் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். மூன்று சொல்லோடு நிற்கவில்லை. உள்ளே இத்தனை இருந்தது எனக்கே தெரியாது. பவானிக்கு அன்று நான் போட்டுவிட்ட சட்டையின் நிறம், அவள் வாசலில் நின்று எனக்குக் கையாட்டியது, அன்று இரவு இவர் குட்டைக்குத் திரும்பப் போய் விடியும்வரை நின்றது எனக்குத் தெரியும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். 'அது உங்க தப்பில்ல. யாரு குனிஞ்சிருந்தாலும் அதான் நடந்திருக்கும். பேத்தியத் தூக்குங்க. உங்க கையில ஒண்ணும் இல்ல' என்றேன். கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்ற இடங்களில் நான் பேசினேன், நான் நின்ற இடங்களில் அது பேசியது.

பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஆண்கள் அழுவார்களே, அப்படி. நான் திரும்பவில்லை. ஆம்பிளை அழும்போது பார்க்கக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். அப்புறம் தூங்கிப்போனேன். அப்படி ஒரு தூக்கம். பவானி போன பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை.

கண் விழித்தபோது வண்டி நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நின்றிருந்தது. மழை விட்டிருந்தது. பக்கத்து இருக்கை காலி. கழிவறைக்குப் போயிருப்பார் என்று சால்வையை மடித்து அவர் இடத்தில் வைத்தேன். எல்லாரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் கதவைச் சாத்தப் போனார்.

"இருங்க, என் வீட்டுக்காரரு இன்னும் ஏறல" என்று மலாயில் கத்தினேன்.

"எந்த வீட்டுக்காரரு? உங்க பக்கத்துல இருந்த தம்பிதானே? அவரு இங்கயே இறங்கிட்டாரு, மக்சிக். வீட்டு ஆளுங்க கார் கொண்டாந்து கூட்டிட்டுப் போயாச்சு."

"தம்பியா? எங்க வீட்டுக்காரருக்கு எழுபது வயசு!"

"முன்னால போன எங்க வண்டி ஒண்ணு அவர விட்டுட்டுப் போயிருச்சு. அதான் இதுல ஏத்துனேன். இடம் காலியா இருந்துச்சே. ஆள் எண்ணுனேன், சரியா இருந்துச்சு."

சரியாக இருந்ததாம். விட்டுப்போன ஒருவரை ஏற்றி, இன்னொருவரை விட்டுவிட்டு, கணக்கு சரி! நான் அப்போது கேட்ட கேள்விக்கு அந்த டிரைவரே என்னைத் திரும்பி ஒரு மாதிரி பார்த்தார். என் வீட்டுக்காரர் எங்கே என்று நான் கேட்கவில்லை. "அந்த ஆள் யாரு? அவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன். டிரைவருக்கு என்ன தெரியும்! தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்தார்.

இவர் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். அடுத்த வண்டியில் ஏறப்போனபோது டிக்கெட் எங்கே என்றார்களாம். டிக்கெட், பணப்பை, கைத்தொலைபேசி எல்லாம் என் கைப்பையில். தொலைத்துவிடுவார் என்று நான்தான் வாங்கி வைத்துக்கொள்வது. மற்றவனை டிக்கெட் கேட்காமல் ஏற்றத் தெரிந்தது, இவரிடம் மட்டும் சட்டம் பேசியிருக்கிறார்கள். ஜொகூர் நிலையத்தில் பெஞ்சில் படுத்துக்கிடந்து, காலையில் யாரோ ஒரு புண்ணியவான் டிக்கெட் எடுத்துக் கொடுத்து வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் எனக்கு வந்த ஆத்திரம்!

"ஒரு கட்டைவிரல வைக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். "வெச்சேன். என்னை யாருன்னே தெரியலேன்னுடுச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? நான்தான் சொல்லிவிட்டேனே. முழுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு சொல் விடாமல். அது இப்போது இன்னொருவனிடம் இருக்கிறது. பெட்டி மாறிப்போனால் தேடிக் கொண்டுவந்து வீட்டில் சேர்க்க வேண்டியது யார் பொறுப்பு? கம்பெனி பொறுப்பு. பெட்டிக்குச் சொந்தக்காரி திரும்பக் கடைக்குப் போய் அதே துணியெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பாளா?

அதனால் புகார் கொடுத்தேன். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, அப்புறம் பாட்டு. நடுநடுவே ஒருத்தி வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்பாள். மறுபடியும் பாட்டு. கடைசியில் ஒரு பையன் எடுத்தான். என் பக்கத்து இருக்கையில் வந்தவர் யார் என்று கேட்டேன்.

"அமிர்தலிங்கம்" என்றான்.

"அவரு வரலப்பா, விட்டுட்டுப் போயிட்டீங்க."

"கம்ப்யூட்டர்ல ஈப்போவுல இறங்கிட்டாருன்னு இருக்கே, மேடம்."

கேட்டீர்களா? கம்ப்யூட்டரில் அவர் வந்துவிட்டார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டு, ஈப்போவில் இறங்கிவிட்டார். சில நாள் எனக்கே அதுதான் உண்மையாக இருக்கக்கூடாதா என்று தோன்றும். சில நாள் சமையல்கட்டில் நிற்கும்போது பின்னால் 'ம்' என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் இவர்தான், தேத்தண்ணிக் குவளையோடு நிற்பார். ஆனால் அந்த 'ம்' இல்லை. அது ஈரமான 'ம்'. இவருடையது காய்ந்தது. ஒரு வீட்டில் இரண்டு 'ம்' இருக்கிறது ம்மா இப்போது. ஒன்றுக்குத்தான் ஆள் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் அவருக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று இவர் நினைத்துக்கொண்டார். அவரை அநாதையாக விட்டுவிட்டு வந்துவிட்டார்களே என்று எனக்குக் கொதிப்பாம். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். கவுண்டருக்குப் போகும் நாளில் என் புடவையை அவரே இஸ்திரி போட்டு வைப்பார். ஒரு நாள் வாசலில் பக்கத்து வீட்டு வள்ளிமயிலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா எம்மேல கோவமா இருக்கான்னு நெனச்சிருந்தேன். பாருங்க, எனக்காக ஒரு கம்பெனியவே போட்டு உலுக்குறா." உள்ளே நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கோபமா? நான் எப்போது கோபப்பட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?

எப்படியோ, விடாமல் போய் உட்கார்ந்ததில் கம்பெனிக்காரர்கள் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என் எண்ணை அவனிடம் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் கூப்பிட்டான். அந்த ஓய்விடத்துக்குக் கிட்டே யோங் பெங் பக்கமாம், பெயர் கதிரேசன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. நான் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்மா" என்றான். நல்ல தமிழ். "மன்னிச்சிருங்கம்மா. நான் அவரு இல்லேன்னு சொல்லணும்னு ரெண்டு மூணு தடவ வாயத் திறந்தேன். எங்க நிறுத்துறதுன்னு தெரியல. நீங்க நிறுத்தவே இல்ல."

நடுக்கூடத்தில் இவர் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கேட்டான்: "அவருகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

அவனுக்கு எதற்கு அது? அதற்குள் இவர் எழுந்து வந்துவிட்டார். "அந்தப் பையனா? குடு, குடு" என்று தொலைபேசியை வாங்கிக்கொண்டார். நான் தடுக்கவில்லை ம்மா. இதைக் கேளுங்கள், நான் தடுக்கவில்லை. சமையல்கட்டுக்குள் போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். சொல்லப்போகிறான், சொல்லிவிடுவான், இத்தோடு முடிந்தது என்று நின்றேன். குழாயில் தண்ணீர் சொட்டியது. இவர் சிரிப்பது கேட்டது. "அட, பரவாயில்லப்பா. மழைதானே. எங்க இருந்தா என்ன." பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தொலைபேசியை வைக்கும் சத்தம்.

வெளியே வந்தேன். "என்ன சொன்னான்?"

"நல்ல பையன். நீ வழியெல்லாம் அசந்து தூங்கிட்டியாம். ஒரு வார்த்த பேசலியாம்."

பொய்! வாய் கூசாமல் பொய்! என்னிடமே ஒப்புக்கொண்டவன். கேட்டதை அப்படியே சேர்த்திருந்தால் அவன் குடி முழுகியா போயிருக்கும்? இவர் மூஞ்சியைப் பார்த்தேன். ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாரா, நேராகப் பிடித்திருந்தாரா, எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கதிரேசன் மீதும் ஒரு புகார் கொடுக்கலாமா என்று கம்பெனியில் கேட்டேன். 'அவர் எங்கள் ஊழியர் இல்லை, மக்சிக்' என்று சொல்லிவிட்டார்கள். அதோடு இந்த இரண்டு டிக்கெட்டையும் கொடுத்துப் புகார்க் கோப்பை மூடிவிட்டார்கள்.

நாளைக்குப் பேத்திக்கு முதல் பிறந்தநாள். தமயந்தி நேற்றுக் கூப்பிட்டு, "இந்தத் தடவையாச்சும் அப்பா தூக்குவாராம்மா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். குழந்தை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டதாம். நடக்கிற குழந்தை என்றால் அவருக்கு இன்னும் பயம். காலையிலிருந்து கையைத் தொடை மேல் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது பாருங்கள், தோள் அசைகிறது.

என்ன? நீங்கள் அவர் இடத்துக்கு மாறி உட்காருகிறீர்களா?

இல்லை ம்மா, வேண்டாம். உங்களுக்கு எதற்குச் சிரமம். அங்கே கால் நீட்ட இடமில்லை. அவர் தூங்குகிறார் போலிருக்கிறது. தோள் அசைந்தால் என்ன, தூக்கத்திலும் அசைவார். எழுப்பினால் தலைவலி வந்துவிடும் அவருக்கு.

பையை எடுக்காதீர்கள். உட்காருங்கள். கேட்டேன்தான், பக்கத்தில் இடம் கேட்டேன், கவுண்டரில் சண்டைகூடப் போட்டேன். அது வேறு. அது அவர்கள் கொடுத்திருக்க வேண்டியது. நாமாக எழுந்து மாறுவது நன்றாக இருக்காது. இந்தக் கம்பெனியில் வண்டி ஓடும்போது இடம் மாறக்கூடாது, டிக்கெட்டுக்குப் பின்னால் போட்டிருக்கிறது. இத்தனை மாதம் சட்டம் பேசியவள், நானே மீறினால் என்ன சொல்வார்கள்?

ஐயோ, அவர் திரும்பிப் பார்க்கிறார். நீங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டார். தலையாட்டாதீர்கள் ம்மா. அவரைக் கூப்பிடாதீர்கள். குல்லாயைக் கழற்றுகிறார். எழுந்திருக்கிறார்.

உட்காருங்கள். தயவுசெய்து உட்காருங்கள். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.